‘அண்ணி’ என்று கூப்பிடும் மகன்

செப்டம்பர் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சிம்கெந்த் நகரத்தில் டாக்சி கிடைக்காது. டாக்சிக்காரர்கள் யார் வீட்டு டிவி முன்னாலாவது சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்குத்தான் ‘நாலாம் மாடி வீட்டார்’ தொடரின் புது சீசன் தொடங்கும். பதின்மூன்று வருஷமாக இப்படித்தான். நகைச்சுவைத் தொடர் என்று பெயர். ஆனால் ஜனங்கள் அதைச் சிரிப்பதற்காகப் பார்க்கிறார்கள் என்று யாராவது நினைத்தால் அவர் வெளியூர்க்காரர். நெருங்கிய சொந்தக்காரர் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், தெரிந்ததும் குறை சொல்லவும்தான் பார்க்கிறார்கள். குறை சொல்வதற்கென்று சானல் ஒரு நம்பர் கொடுத்திருக்கிறது. அந்த நம்பரை எடுப்பவர்கள் ஆறு பெண்கள். அவர்களில் மூத்தவள் இரிஸ்தி.

இரிஸ்திக்கு ஐம்பத்தொரு வயது. கெந்தாவில் பிறந்து இருபது வயதில் சிம்கெந்துக்கு மருமகளாக வந்தவள். முதலில் டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்தாள். அதை இழுத்து மூடியபோது சானலுக்கு வந்தாள். காது கூர்மை, வாய் நிதானம். மறுமுனையில் யார் எவ்வளவு கத்தினாலும் ‘சொல்லுங்க அக்கா’, ‘சொல்லு மகனே’ என்று ஒரே சீரான குரலில் பேசுவாள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வயதில் சின்னவன் யாரானாலும் மகன்தான். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவன் மகன். அபராதம் எழுதும் போலீஸ்காரனும் மகன்தான், அவன் எழுதி முடிக்கிற வரைக்கும்.

ஒரே ஒருவனை மட்டும் இரிஸ்தி மகனே என்று கூப்பிட்டதில்லை. அவன் அவள் வயிற்றில் பிறந்தவன்.

தலைச்சன் பிள்ளை புருஷனைப் பெற்றவர்களுக்குச் சொந்தம் என்பது எங்கள் வழக்கம். யாரும் பிடுங்கிக்கொண்டு போவதில்லை, யாரும் சண்டை போடுவதுமில்லை. நாற்பதாம் நாள் மாமியார் வந்து குழந்தையைத் தூக்கித் தன் மேலங்கிக்குள் வைத்து மூடிக்கொண்டு, “இவன் என் கடைக்குட்டி,” என்றாள். இரிஸ்தி தலையைக் குனிந்தாள். எல்லா மருமகள்களும் அப்படித்தான் குனிந்தார்கள். பால் குடிக்க மட்டும் குழந்தை இவளிடம் வரும், குடித்து முடித்ததும் போய்விடும். யெல்தோஸ் என்று பெயர் வைத்ததும் மாமியார்தான். பேச்சு வந்தபோது மாமியாரை அம்மா என்றான். பெற்ற அப்பனை அண்ணன் என்றான். இரிஸ்தி அண்ணி ஆனாள்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. புருஷன் வீட்டு ஆண்பிள்ளைகளின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. யெல்தோஸ் இப்போது கொழுந்தன் முறை. எனவே இரிஸ்தி அவனைச் ‘சின்னவரே’ என்றுதான் கூப்பிட்டாள். இரண்டு வயதுப் பொடியன் கால்சட்டை இல்லாமல் முற்றத்தில் ஓட, பெற்றவள் கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, “சின்னவரே, நில்லுங்க. சின்னவரே, கால்ல முள்ளு குத்திடும்,” என்று பின்னால் ஓடியதை அந்தத் தெருக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். இரிஸ்தியும் சேர்ந்து சிரிப்பாள்.

மாமியார் கெட்டவள் இல்லை. பையனைத் தரையில் விடாமல் வளர்த்தாள். அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. பிறகு பிறந்த இரண்டு பெண்களும் இரிஸ்தியிடமே வளர்ந்தார்கள். ‘அம்மா, சீப்பு எங்கே’, ‘அம்மா, இவ என்னைக் கிள்ளுறா’ என்று ஒரு நாளைக்கு நூறு தடவை அவர்கள் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நூறு தடவை கேட்டாலும் அந்த ஒருவன் சொல்லாதது அப்படியே இருந்தது. அவளுக்கு அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வேண்டும். வேறு எதையும் அவள் அவனிடம் ஆசைப்படவில்லை.

மாமியார் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குளிர்காலத்தில் காலமானாள். வளர்த்தவள் போன பிறகு பெற்றவளை அம்மா என்று கூப்பிடுவதும் எங்கள் வழக்கம்தான். வருஷ நினைவு விருந்தில் குதிரைக்கறித் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்களில் ஒருவர் அந்தப் பேச்சை எடுத்தார்.

“யெல்தோஸ், இனிமேலாச்சும் இவள அம்மான்னு கூப்பிடுடா. அவளும் எத்தன வருஷம் காத்திருப்பா?”

யெல்தோஸ் காது மடல் வரை சிவந்தான். எல்லோரும் கையை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தார்கள். அவன் கிண்ணத்தை நீட்டினான். “அண்ணி, டீ ஊத்துங்க,” என்றான். பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். இரிஸ்தி டீ ஊற்றினாள். பால் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டது.

அதன் பிறகு அவன் ஷல்கார் ரயில் நிலையத்தில் தண்டவாள வேலைக்குப் போய்விட்டான் என்று சொன்னால் கோபித்துக்கொண்டு போனதுபோல் ஆகிவிடும். அப்படியில்லை, ஆறு வருஷமாகவே அங்கேதான் இருக்கிறான். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான், கூரையில் ஏறி ஓட்டையை அடைப்பான், ‘வரேன் அண்ணி’ என்று கிளம்புவான்.

அவன் அந்தத் தொடரைப் பார்க்கிறவன் என்று இரிஸ்திக்குத் தெரியும். பார்க்காமல் இருக்க முடியாது, அவர்கள் வீட்டுக் கதையே அதில் ஓடுகிறது. நாலாம் மாடியில் உம்சின் என்று ஒரு கிழவி, அவள் மகன், மருமகள் ஷாரா, கிழவி எடுத்து வளர்க்கும் பேரன் பேகா. பேகா ஆறு வயதில் தொடருக்குள் வந்தான். ஜனங்கள் கண்ணெதிரே மீசை முளைத்து பத்தொன்பது வயதாகிவிட்டான். அவன் ஷாராவை அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு அவளிடமே ஷூ லேஸ் கட்டிவிடச் சொல்வது தொடரின் நிரந்தரச் சிரிப்பு. பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு போடுவார்கள். அந்த இடம் வரும்போது இரிஸ்தி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அன்றைக்குப் பதினான்காம் சீசனின் முதல் பாகம். போன் அறையில் சுவரோரம் ஒரு டிவி ஓடியது. ஆறு பெண்களும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொடர் ஓடும்போது யாரும் போன் செய்ய மாட்டார்கள். சீசனுக்குப் புதுசாகச் சாப்பாட்டு மேசைக்கு மட்டும் ஒரு விரிப்பு வாங்கியிருந்தார்கள், மற்றதெல்லாம் பழசுதான். உம்சின் கிழவி மேசையின் தலைப்பக்கம், ஷாரா கெட்டிலுக்குப் பக்கத்தில். பேகா சூப்பை ஒரு வாய் குடித்தான், முகத்தைச் சுளித்தான், ஷாராவைப் பார்த்தான்.

“அம்மா, உப்பு எடுங்க,” என்றான்.

சிரிப்புச் சத்தம் போடவில்லை. ஷாராவின் கை கெட்டிலிலேயே நின்றது. கிழவி ரொட்டியைப் பிய்த்தபடி எங்கோ பார்த்தாள். ஷாரா உப்பை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் மேல் மாடிக் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியது, கதை அந்தப் பக்கம் போய்விட்டது.

போன் அறைக்குப் பொறுப்பானவள் மெருவெர்த். இருபத்தாறு வயது, நாக்கு அதற்கு இருமடங்கு. அவளே வாயைத் திறக்காமல் ஓரக்கண்ணால் இரிஸ்தியைப் பார்த்தாள். இரிஸ்தி கருத்துகளைக் குறிக்கும் படிவக் கட்டை நேராக அடுக்கினாள். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. ‘ஷல்காரில் பார்த்திருப்பானா’ என்பதைத் தவிர அவள் மண்டையில் ஒன்றுமில்லை.

ஆறரைக்குத் தொடர் முடிந்தது. ஆறு பேர் முன்னாலும் சிவப்பு விளக்குகள் எரிந்தன.

“தங்கச்சி, நான் சாய்ராம் ஊர்லருந்து பேசறேன். பதிமூணு வருஷமா நெஞ்சுல கெடந்தது இன்னைக்குத்தான் எறங்குச்சு. என் ஆட்டக்காரர்கூட அழுதுட்டாரு.”

“யாருக்கா ஆட்டக்காரர்?”

“என் வீட்டுக்காரரத்தான் சொல்றேன். சீட்டாட்டத்த வெச்சுட்டு வந்து அழுதாரு.”

படிவத்தின் ஆதரவுக் கட்டத்தில் இரிஸ்தி ஒரு கோடு போட்டாள். அடுத்தது ஒரு பெரியவர்.

“வளத்தவ பக்கத்துல உக்காந்திருக்கா. அவ முன்னாடியே இன்னொருத்திய அம்மாங்கறான். உப்புக்காகச் சொல்ற வார்த்தையா அது? சூப்புல உப்பில்லேன்னா குடிக்காம எந்திரிச்சுப் போறது.”

எதிர்ப்பு. இப்படியே இருபது போன் வரை இரண்டு கட்டத்துக்குள் அடங்கியது. இருபத்தோராவது போன் துர்கெஸ்தானிலிருந்து வந்தது. ஒரு பெண் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“எப்ப நடந்துச்சும்மா?”

“எது அக்கா?”

“எங்கிட்ட மறைக்காதீங்க. காதிரா பாட்டி எப்ப காலமானாங்க?”

காதிராதான் உம்சின் கிழவியாக நடிப்பவள். அன்று மத்தியானம்கூடச் சானலுக்குப் போன் செய்து யாரையோ திட்டியிருந்தாள்.

“அவங்க நல்லாத்தான் இருக்காங்கக்கா.”

“நீங்க அப்படித்தான் சொல்லணும். புரியுது,” என்றாள் அந்தப் பெண். “அவங்க பேருல ஏழு ரொட்டி பொரிச்சுட்டேன். பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்துட்டேன். அவங்க ஆத்மா சாந்தியடையட்டும்.”

அவளைக் குறை சொல்ல முடியாது. சாவுச் செய்தியை எங்களில் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். சுற்றி வளைப்போம், வேறு கதை சொல்வோம், கேட்பவனே புரிந்துகொள்ளும்வரை காத்திருப்போம். வளர்த்தவள் உயிரோடு இருக்கையில் எந்தப் பிள்ளை பெற்றவளை அம்மா என்பான்? பேகா சொன்னான் என்றால் உம்சின் இல்லை. உம்சின் இல்லையென்றால் காதிரா இல்லை. சானல் நாசூக்காகச் செய்தி சொல்கிறது. மேசையில் உட்கார்ந்திருந்தாளே என்று கேட்டால், அது முன்னாலேயே எடுத்து வைத்த படம் என்றார்கள். அல்மாத்தியில் உட்கார்ந்து கதை எழுதும் பையன்களுக்கு இது தோன்றவில்லை. ஊர்வாயில் வளர்ந்திருந்தால் தோன்றியிருக்கும்.

கால்மணி நேரத்தில் நாடு முழுவதும் துக்கம் பரவிவிட்டது. ஆக்தோபெயிலிருந்து ஒருவர் அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். தாராஸ்காரர் ஒருவர் ஒன்றுமே கேட்காமல் போனிலேயே பிரார்த்தனை ஓதத் தொடங்கிவிட்டார். அவர் முடிக்கும்வரை வைக்கக் கூடாது என்பதால் ஒரு பெண் ஏழு நிமிஷம் கையேந்தி உட்கார்ந்திருந்தாள். மெருவெர்த் எழுந்து படிவங்களில் பேனாவால் மூன்றாவது கட்டம் ஒன்று போட்டாள். ‘துக்க விசாரிப்பு’ என்று தலைப்பு எழுதினாள். “ஆதரவு எத்தன எதிர்ப்பு எத்தனன்னு அல்மாத்தில கேக்கறாங்க. செத்தது எத்தனன்னு சொல்லிவிடறேன்,” என்றாள்.

ஏழு மணிக்கு இரிஸ்தியின் விளக்கில் காதிராவே வந்தாள்.

“அம்மாடி, நான் செத்து எத்தன நாளாச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு.”

“பாட்டி, நீங்களா?”

“நான்தான். வாசல்ல இருபது பேரு நிக்கறாங்க. அழுதுகிட்டே வந்தாங்க. நானே கதவத் தெறந்தேன், ஒருத்தி மயங்கி விழுந்துட்டா. மத்தவங்களுக்கு டீ ஊத்திக்கிட்டிருக்கேன். நல்லவேள, ரொட்டி அவங்களே கொண்டாந்திருக்காங்க.”

இரிஸ்தி சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள். “பாட்டி, அந்தப் பையன் அப்படிச் சொன்னப்ப உங்களுக்கு வலிக்கலையா?”

“நடிப்புதானேம்மா,” என்றாள் காதிரா. கொஞ்சம் நிறுத்தினாள். “பொய் சொல்லுவானேன். வலிச்சுச்சு. ஆறு வயசுலருந்து என் மடியில உக்காந்த பய. டைரக்டர் கட் சொன்னதும் வெளிய போய் ரெண்டு சம்சா தின்னேன், சரியாப் போச்சு. சரி, நான் வெக்கறேன். இன்னொரு கூட்டம் அழுதுகிட்டு வருது.”

மாமியார் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாளோ என்று இரிஸ்தி நினைத்தாள். அவள் சம்சாவோடு விட்டிருக்க மாட்டாள். ஆனால் வலித்திருக்கும். அந்த வலிக்குப் பயந்துதான் பையன் வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்றால், செத்தவள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது? தனக்கு வேண்டியது கிடைக்காது என்று அன்றைக்கு முதல் தடவையாகத் தோன்றியது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த விளக்கைத் தட்டினாள்.

“சொல்லு மகனே,” என்றாள், எதிர்முனையில் ஓர் இளவட்டக் குரல் செருமியதும்.

“கருத்து சொல்லணும். எழுதிக்கறீங்களா?”

பின்னால் ரயில்பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. இரிஸ்தி பேனாவைத் திறந்தாள். பேனா படிவத்தில் படவில்லை.

“எழுதறேன். ஊரு?”

“ஷல்கார்.”

“பேரு?”

“பேரு வேணாம்.” குரல் தயங்கியது. “அந்தப் பேகா எப்படி அவ்வளவு சுளுவா சொல்லிட்டான்னு எழுதிக்கோங்க. யாரு அவனுக்குச் சொல்லிக் குடுத்தது? நான் ரெண்டு வருஷமா சொல்லிப் பாக்கறேன். சரக்கு வண்டி போறப்ப தண்டவாளத்தோரம் நின்னு சொன்னா வருது. வீட்டு வாசல்ல நின்னா வேற வார்த்த வருது. எங்கம்மா, செத்துப் போனவங்க, அவங்க காதுல விழுந்துடுமோன்னு இருக்கு. செத்தவங்க கேக்க மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும்.”

இரிஸ்தி எழுதவில்லை. வேலைக் குரலிலேயே கேட்டாள். வேறு குரல் வரவில்லை.

“ஆதரவுன்னு எழுதறதா, எதிர்ப்புன்னு எழுதறதா?”

“எனக்கே தெரியல.” ஒரு பெட்டி மோதி ஓய்ந்தது. “யாரு பேசறதுன்னு தெரியுதா?”

“தெரியுது, சின்னவரே.”

அவன் மூக்கால் சிரித்தான். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

“பாருங்க. தெரிஞ்சதும் சின்னவர் ஆயிட்டேன். எடுத்தவொடனே என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னேன்?”

“சொல்லு மகனேன்னீங்க.”

“எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடுவேன்.”

“எல்லாரையும் கூப்பிடறீங்க. தெரியும். நாலு வருஷமா, சீசன் ஆரம்பிக்கற அன்னைக்கு, நான் இந்த நம்பருக்குப் போன் போடறேன் அண்ணி. வேற யாராவது எடுத்தா வெச்சுடுவேன். உங்ககிட்ட வர்ற வரைக்கும் போடுவேன். நீங்க எடுத்து, சொல்லு மகனேம்பீங்க. நல்லாயிருந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுடுவேன். அதுக்கு மேல பேசினா குரல் தெரிஞ்சுடும். எனக்கு அந்தத் தொடர் புடிக்கவே புடிக்காது.”

இரிஸ்திக்கு அந்தப் போன்கள் ஒன்றுகூட ஞாபகமில்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கணக்கானவர்கள் ‘நல்லாயிருந்துச்சு’ என்று சொல்லிவிட்டு வைக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்காக அவள் எங்கேயோ ஒரு கோடு போட்டிருப்பாள், ஆதரவுக் கட்டத்தில். அவளுக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருஷமாகத் தான் ஒருத்திதான் ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பதாக நினைத்திருந்தாள். அவனுக்கும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. மாமியார் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சின்னவரே என்று கூப்பிட இனி யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அப்படியேதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவன் முதலில் வாயைத் திறக்கட்டும் என்று.

“சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

சாப்பிட்டீங்களா என்றுதான் வழக்கமாகக் கேட்பாள். அவனை ஒருமையில் கேட்டது இதுதான் முதல் தடவை.

“சாப்பிட்டேன் அண்ணி,” என்றான். உடனே அவசரமாக, “இல்ல, இருங்க. வெச்சுடாதீங்க. வாய் வரைக்கும் வந்துடுச்சு. கொஞ்சம் இருங்க,” என்றான்.

மெருவெர்த் அறைக்கு நடுவிலிருந்து கையை ஆட்டினாள். “இரிஸ்தி அக்கா, உங்க வரிசையில ஒம்போது பேரு காத்திருக்காங்க. அந்தாளுக்கு ஒரு கோடு போட்டுட்டு அனுப்புங்க.”

“காத்திருக்கட்டும்,” என்றாள் இரிஸ்தி. மைக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “நான் என் மகன்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்.”

ஷல்காரில் அது கேட்டது. அவன் மூச்சு ஒரு தடவை அறுந்து மறுபடி வந்தது. இரிஸ்தி காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.